நாலு டயருக்கு மொட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாலைத் தகுதி இலாகாவில் கெட்டவர்கள் ஒருவர்கூட இல்லை. ஒரே ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் வேலாயுதம் அவரைத் தேடிப் பிடித்து எப்படியாவது காரியத்தை முடித்திருப்பான். அத்தனை பேரும் நல்லவர்களாக இருந்துவிட்டார்கள். அவனுக்கு வந்த கேடு அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு பிறந்திருந்த நேரம். ரப்பர் விலை விழுந்து, ஈயம் விழுந்து, கோலாலம்பூரில் விழாமல் நின்றது ரயில்வே மணிக்கூண்டு ஒன்றுதான். ரயில் பட்டறையில் பதினோரு வருஷம் சுத்தியல் பிடித்த வேலாயுதத்தை ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றார்கள். வேலையில்லாத தமிழர்களுக்கு ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் பேர் ஏறியவர்களைக் கப்பலில் ஏற்றி ‘ஊருக்கு’ அனுப்பினார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில் தொழிலாளிகள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் வாரத்துக்கு இரண்டு வீடு காலியாயிற்று.

வேலாயுதத்தின் மனைவி சீதாலெட்சுமிக்கு அந்த ‘ஊர்’ என்ற சொல்தான் பிடிபடவில்லை. அவள் பிறந்தது இதே லயத்தில், ஏழாம் நம்பர் வீட்டில். கல்யாணமாகி வந்தது பன்னிரண்டாம் நம்பருக்கு. அவள் செய்த நெடும் பயணம் அவ்வளவுதான்.

“ஊருக்கு அனுப்புறாங்கன்னா எந்த ஊருக்குங்க?” என்று கேட்டாள். “எனக்கு ஊரு இதுதானே. அங்க கொண்டுபோய் எறக்கிவிட்டா எந்தப் பக்கம் நடக்கணும்னுகூட எனக்குத் தெரியாது. நான் போகமாட்டேன். நீங்க எதாச்சும் செய்யுங்க.”

வேலாயுதம் ஒரு கார் வாங்கினான். வாடகைக் கார் ஓட்டுகிறவன் தொழில் உள்ளவன், தொழில் உள்ளவன் பேர் பட்டியலில் ஏறாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்கு வண்டிக்கு வருஷா வருஷம் தகுதிச் சீட்டு வேண்டும் என்பதைச் சொன்னவர் சொல்லவில்லை.

அந்தக் கார் கிள்ளான் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் ஓட்டி, அவருடைய டாக்டர் ஓட்டி, பிறகு ஒரு மீன் வியாபாரி ஓட்டி, கடைசியில் கோழிகள் அடைகாத்த கார். முன் கதவு கம்பியால் கட்டப்பட்டிருந்தது. பிரேக்குக்குப் பட்டறையில் அறுந்த தோல் பட்டையை வெட்டி வைத்துத் தைத்தான் வேலாயுதம். இஞ்சினின் தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் உள்ளே ஒரு பிடி குழைந்த சோற்றைப் போடுவான், ஒழுக்கு நின்றுவிடும். சீதாலெட்சுமி தினமும் உலை வைக்கும்போது, “காடிக்கும் சேர்த்துப் போடவா?” என்று கேட்டே அரிசி களைவாள்; காடி என்றால் லயத்துப் பேச்சில் கார். இஞ்சின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்ற பிறகு, சரி போ என்று இரக்கப்பட்டுக் கிளம்பும். ஆனால் கிளம்பிவிட்டால் கிள்ளான் வரை நிற்காது. பெரும்பாலும்.

அவன் மனத்தை உறுத்தியது டயர்கள்தாம். நாலும் வழவழவென்று ஆகிவிட்டன. கோடு, வரி, கட்டம் எதுவும் கிடையாது. சுற்றுமுற்றும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரப்பர் மரம் நிற்கிற நாட்டில், வாங்க ஆளில்லாமல் ரப்பர் கட்டுக் கட்டாகக் கிடந்து நாறுகிற வருஷத்தில், ஒரு மனிதனுக்கு நாலு டயர் கிடைக்கவில்லை.

ஜனவரியில் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனான். இலாகாவின் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சண்முகரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடியும் வெள்ளைக் கோட்டும் போட்டவர். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு அடிக்கோல் இருக்கும். வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தார். சோற்றுக்கு ஆட்சேபம் சொல்லவில்லை. கம்பிக் கதவுக்கும் சொல்லவில்லை. டயரைப் பார்த்ததும் நின்றார்.

“என்ன காணும் இது? உம்மட டயர் இருக்கிற கோலத்தைப் பார்த்தனீரோ?”

“மாத்திடறேன் ஐயா. பத்து நாள் தவணை குடுங்க.”

“வாயாலை கேட்டால் போதாது. மனு எழுதும். தமிழிலைதான் எழுதவேணும். மக்களின்ரை மனசை அவையின்ரை சொந்த மொழியிலை அறிய வேணும் எண்டது எங்கடை இலாகாத் துரையின்ரை உத்தரவு.”

வேலாயுதம் அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து எழுதினான். என் கையில் அந்த மனுவின் நகல் இருக்கிறது. ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்: ‘மேன்மை தங்கிய துரை அவர்களுக்கு. என் வண்டிக்கு நாலு டயரும் மொட்டையாகி விட்டது. மாற்றிக்கொள்ள பத்து நாள் தவணை உத்தரவாக வேண்டும். அவசரம்.’

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். டயர் மொட்டை என்றால் உங்களுக்குப் புரிகிறது, எனக்குப் புரிகிறது, சண்முகரத்தினத்துக்கும் நன்றாகவே புரிந்தது. ஆனால் புரிந்ததை மொழிபெயர்க்க இலாகாவில் யாருக்கும் அதிகாரமில்லை. அதற்கென்று ஒரு சொற்புத்தகம் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் இருந்த அர்த்தத்தைத்தான் போட வேண்டும். அதில் மொட்டை என்ற சொல்லுக்கு எதிரே இப்படி இருந்தது: ‘இந்துக்கள் தங்கள் தெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு முடியை மழித்துக் காணிக்கையாகச் செலுத்துதல்.’

ஆகவே துரையின் மேசைக்குப் போன ஆங்கில மனு, வேலாயுதம் தன் நாலு டயரையும் தெய்வத்துக்குக் காணிக்கையாக மழித்துவிட்டதாகவும், அந்தப் புனிதக் காரியத்துக்குப் பத்து நாள் அவகாசம் கேட்பதாகவும் சொல்லிற்று. தைப்பூசம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. துரைக்குச் சந்தேகமே வரவில்லை.

மறு நாள் இலாகா முற்றத்தில் வேலாயுதத்தை நிறுத்தித் துரை பேசினார். அவர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, சண்முகரத்தினம் பக்கத்தில் நின்று மேடைத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

“இந்த நாட்டு மக்களின் மத விஷயத்தில் நாங்கள் கை வைப்பதில்லை. நிலத்தில் வைத்திருக்கலாம். உழைப்பில் வைத்திருக்கலாம். மதத்தில் ஒரு நாளும் வைத்ததில்லை. என் சொந்த அபிப்பிராயத்தில் டயர் என்பது டயர். ஆனால் இந்த இலாகாவில் எனக்குச் சொந்த அபிப்பிராயம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. இருபது வருஷமாக இல்லை. அதனால்தான் நான் இந்த நாற்காலியில் இருக்கிறேன். வேண்டுதலில் இருக்கிற இந்த டயர்களை நாங்கள் தகுதியற்றவை என்று சொல்ல மாட்டோம். அது உன் மனத்தைப் புண்படுத்தும். தகுதியுள்ளவை என்றும் சொல்ல மாட்டோம். அது சாலை விதியைப் புண்படுத்தும். வேண்டுதல் முடியும் வரை வண்டி வாடகைக்கு ஓடாது. டயர்களையும் யாரும் கழற்ற முடியாது. உன் நம்பிக்கையை இலாகா பாதுகாக்கும்.”

வேலாயுதம் கிராணியிடம் குனிந்து, “ஐயா, துரைகிட்ட சொல்லுங்க, டயர் தேஞ்சு போச்சு. அவ்வளவுதான். சாமி கீமி ஒண்ணும் இல்ல” என்றான்.

சண்முகரத்தினம் குரலைத் தாழ்த்தினார். “தேஞ்சது எண்டால் தேஞ்சது எண்டு எழுதியிருக்க வேணும். நீர் மொட்டை எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சிட்டீர். இப்ப இல்லை எண்டு சொன்னால் பொய் மனு குடுத்த குற்றம் வரும். மறியலிலை அடைச்சு வைச்சிட்டு, பிறகு கப்பலிலை ஏத்தி விடுவினம். பேசாமல் இரும்.”

அவன் பேசாமல் இருந்தான். ஒரு ஆள் வந்து நாலு சக்கரத்திலும் டயரையும் ஆரக்காலையும் சேர்த்துக் கம்பி கட்டி ஈய முத்திரை அடித்தான். வண்டியின் முகப்பில் ஒரு தகரப் பலகையும் தொங்கவிட்டார்கள்: ‘வேண்டுதலில் உள்ளது. இலாகாவின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் டயரைக் கழற்றுவது குற்றம்.’ வேலாயுதம் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்து லயத்துக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில் நிறுத்தினான்.

“நம்ம எப்பங்க வேண்டிக்கிட்டோம்?” என்று கேட்டாள் சீதாலெட்சுமி.

“தெரியலம்மா. அங்க போய்த்தான் தெரிஞ்சுது.”

அந்த வாரமே அவன் பட்டறைக் காலத்துக் கருவிப் பெட்டியை தவுக்கே என்று எல்லோரும் அழைத்த ஒரு சீனக் கடை முதலாளியிடம் கொடுத்து, அதற்கு ஈடாக நாலு பழைய டயர் வாங்கி வந்தான். பழையதுதான், ஆனால் வரி வரியாகக் கோடு இருந்தது. ஜாக்கியை மட்டும் கொடுக்கவில்லை. டயர்களைச் சாக்கில் சுற்றிப் பின் ஸீட்டில் போட்டான். முத்திரையை உடைக்க உத்தரவு கிடைத்தால் அரை மணி நேர வேலை. அதற்குத்தான் அவன் நடக்க ஆரம்பித்தான்.

வேண்டுதல் முடிந்ததற்குச் சான்று வேண்டும் என்றது இலாகா. பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனான். அடிவாரத்தில் மொட்டை அடிக்கும் பண்டிதர் இராமலிங்கம் நேர்மையான மனிதர். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு வெகு நேரம் கத்தியைத் தோலில் தீட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இருவது வருஷமா இங்க உக்காந்திருக்கேன். டயருக்கு நான் அடிச்சதில்ல. அதைத்தான் எழுதித் தர முடியும். பொய்யா எழுத மாட்டேன், இது முருகன் வாசல்.”

பரவாயில்லை, உண்மை வெளிவந்தால் போதும் என்று வேலாயுதம் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினான். ‘மேற்படி நாலு டயருக்கும் நான் மொட்டை அடிக்கவில்லை. இப்படிக்கு, இராமலிங்கம்.’

சண்முகரத்தினம் அதை இரண்டு முறை படித்தார். முகம் கறுத்தது.

“அப்ப ஆர் அடிச்சது?”

“ஐயா?”

“கோயில் பண்டிதர் தான் அடிக்கேல்லை எண்டு எழுத்திலை தந்திட்டார். டயரோ மொட்டையாய்க் கிடக்கு. அப்ப வேறை ஆரோ, கோயிலுக்கு வெளியிலை, அனுமதி இல்லாமல் அடிச்சிருக்கினம். இதுக்கு விசாரணை வைக்க வேணும். மழிச்ச முடி எங்கை? அதாவது, மழிச்ச ரப்பர்?”

“அது ரோட்டுல தேஞ்சு போச்சுங்களே. பிரிக்பீல்ட்ஸ்லேருந்து கிள்ளான் வரைக்கும்.”

“எழுதிறன்,” என்றார் கிராணி, எழுதிக்கொண்டே. “காணிக்கைப் பொருள் அரசாங்கச் சடக்கிலை இருபது மைலுக்குப் பரவிக் கிடக்கு.”

வேலாயுதம் அன்று இரண்டாவது மனு எழுதிக் கொடுத்தான். அதன் கடைசிச் சொல்லும் ‘அவசரம்’ என்பதுதான். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. விசாரணைக்கு ஆள் போதாததால் துரை கருணையோடு வேறு ஒரு வழி கண்டிருந்தார். இந்துக்கள் மழித்த முடி திரும்ப வளர்வதை அவர் தம் சமையற்காரர் தலையிலேயே கவனித்திருக்கிறார். முடி வளர்ந்துவிட்டால் வேண்டுதல் முடிந்ததாகத்தானே அர்த்தம். எனவே டயர்களில் மீண்டும் வரி வளரும் வரை இலாகா பொறுத்திருக்கும். மாதம் ஒரு முறை அளவு எடுக்கப்படும்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். வேலாயுதம் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் வெகு நேரம் நின்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் அன்று காலைதான் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன ஆட்டுக்கல் வாசலில் கிடந்தது.

மார்ச் மாதம் சண்முகரத்தினம் அடிக்கோலோடு வந்து, வேட்டி அழுக்காகாமல் குந்தி உட்கார்ந்து, நாலு டயரையும் அளந்தார். மழைக் காலம். நின்ற இடத்திலேயே நின்ற டயர்களில் சேறு காய்ந்து, அதன் மேல் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. அடிக்கோலை வைத்துப் பார்த்து எழுதினார்: ‘வளர்ச்சி, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. திருப்தி.’

“ஐயா, அது பாசிங்க.”

“பாசியோ என்னவோ, முந்தி இல்லாதது இப்ப இருக்கு. அதுக்குப் பேர் வளர்ச்சி.”

நல்ல செய்தி என்று நினைத்து, வண்டியையாவது சுத்தமாக வைப்போமே என்று சீதாலெட்சுமி அடுத்த மாதம் டயர்களைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள். ஏப்ரலில் அளந்தபோது ஒன்றும் இல்லை. கிராணி புருஷன் பெண்டாட்டி இருவரையும் வருத்தத்தோடு பார்த்தார். ‘மறுபடியும் மழிக்கப்பட்டிருக்கிறது’ என்று எழுதி, முதல் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனார்.

இதற்குள் தகரப் பலகையைப் படித்த ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. முதலில் யாரோ முன் சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிறகு காரின் முன் விளக்கில் குங்குமம் வந்தது. செந்தூலிலிருந்து ஒரு அம்மாள் வந்து, பிள்ளை வரம் வேண்டிக் கதவுக் கம்பியில் மஞ்சள் துணி முடிந்துவிட்டுப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குள் சோறு போடுவதைப் பார்த்தவர்கள் அதைப் படையல் என்று சொன்னார்கள். வேலாயுதம் முதல் வாரம் விரட்டினான், இரண்டாம் வாரம் விளக்கிச் சொன்னான், மூன்றாம் வாரம் ஒதுங்கி நின்றான். இவையெல்லாம் இலாகாவின் கோப்பில் ‘பொதுமக்கள் சான்று’ என்ற தலைப்பில் ஏறின.

மே மாதக் கடைசி வாரத்தில் வந்த கடிதம் மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது. கப்பல் பட்டியல் தயாரிக்கும் இடம் அது. ‘உம்முடைய வண்டி நாலு மாதமாக ஓடவில்லை என்று சாலைத் தகுதி இலாகா கடமையுணர்வோடு நமக்குத் தெரிவித்திருக்கிறது. ஆகவே நீர் தொழிலற்றவர். உமது பேரும் மனைவி பேரும் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. மாதக் கடைசிக் கப்பல்.’

வேலாயுதம் அதை மனைவிக்குப் படித்துக் காட்டினான். சீதாலெட்சுமி கேட்டாள்.

“அவங்களுக்கு ஒரு மொட்டை வேணும். அவ்வளவுதானே?”

“என்ன சொல்றே?”

“நீங்க எழுதுன வார்த்தை பொய்யா இருக்கறதுனாலதான் இத்தனை கூத்தும். அதை நெசமாக்கிட்டா முடிஞ்சு போச்சு. வண்டிக்காக நான் போட்டுக்கறேன்.”

“வேண்டாம் சீதா. உன் முடி…”

“முடிதானே, வளரும். டயரு மாதிரியா?”

அவளுக்கு இடுப்பைத் தாண்டிய முடி. லயத்தில் அந்த முடியைப் பற்றிப் பேசாத பெண் கிடையாது. பத்துமலை அடிவாரத்தில் இராமலிங்கம் கத்தியை எடுத்ததும் வேலாயுதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இலாகாவின் மொட்டையை நிஜமாக்க வந்தவள், வந்த இடத்தில் தன் கணக்கில் தனியாக ஒரு வேண்டுதலும் வைத்துவிட்டாள். எங்கள் இரண்டு பேரையும் இந்த மண்ணிலேயே விட்டுவிடு முருகா என்பதுதான் அது. பண்டிதர் இந்த முறை தாராளமாக எழுதிக் கொடுத்தார்: ‘மேற்படி வண்டியின் வேண்டுதலை சீதாலெட்சுமி என்பவர் நம் முன்னிலையில் நிறைவேற்றினார்.’

இலாகாவுக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். சண்முகரத்தினம் சீட்டைப் படித்தார். பிறகு வழக்கப்படி கை கோட்டுப் பைக்குப் போய் அடிக்கோலை எடுத்தது. சீதாலெட்சுமி தலையில் போட்டிருந்த முந்தானையை மெல்ல எடுத்தாள். கிராணி அவள் தலையைப் பார்த்தார். அடிக்கோலைப் பார்த்தார். அதை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டார். அந்த இலாகாவில் நான் கேள்விப்பட்ட ஒரே விதிமீறல் அதுதான்.

“சரி பிள்ளை,” என்றார். “துரை ஒப்பம் வைப்பார். நான் பார்த்துக்கொள்ளுறன்.”

துரை ஒப்பம் வைத்தார். உள்ளே போன கிராணி ஒரு மணி நேரம் கழித்துக் கையில் காகிதத்தோடு வந்தார். அவரால் வேலாயுதத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காகிதத்தைப் பார்த்தே பேசினார்.

“வேண்டுதல் முடிஞ்சுது எண்டு துரை ஏற்றுக்கொண்டார். வண்டி ஓடலாம். ஆனால் நீர் இப்ப கப்பல் பட்டியலிலை இருக்கிறீர். பட்டியலிலை இருக்கிற ஆளுக்கு வாடகைச் சீட்டுக் குடுக்க ஏலாது. அதாலை துரை விசேஷமாய் ஒரு சீட்டுத் தந்திருக்கிறார். பிரிக்பீல்ட்ஸிலை இருந்து கப்பல் துறை வரைக்கும். ஒரு முறை.”

“திரும்பி வர்றதுக்கு?”

“நீர் திரும்பி வரமாட்டீரே.”

“டயரு, ஐயா? மொட்டையா இருக்கே. முத்திரையாச்சும் எடுத்து விடுங்க, நல்ல டயரு வச்சிருக்கேன்.”

“முத்திரை எடுக்கிறது வேறை பகுதி. அதுக்குப் புதுசாய் மனு குடுக்கவேணும். குறைஞ்சது ஆறு வாரம் எடுக்கும். கப்பலுக்கு மூண்டு நாள்தான் கிடக்கு.” சீட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, “துரை கேட்டவர்தான். ஒரு வழிக்கு இந்த டயர் போதும் எண்டு சொன்னவர்” என்றார்.

மாதக் கடைசி நாள் மத்தியானம், ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், பின் ஸீட்டில் சாக்கில் சுற்றிய நாலு நல்ல டயர் ஆகியவற்றோடு அவர்கள் கிளம்பினார்கள். நல்ல டயர்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள் சீதாலெட்சுமி. வேலாயுதம் சாக்கை இன்னும் இறுக்கிக் கட்டினான். வண்டியைக் கிளப்ப வந்த ஆட்கள் கதவிலிருந்த மஞ்சள் துணிகளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தள்ளினார்கள். கப்பல் நாலு மணிக்கு. நேரம் இருந்தது.

கிள்ளான் சாலையில் பத்துத்தீகா தாண்டி இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். பால் வெட்டுகிறவர்கள் இல்லாமல், பால் பிடிக்கும் கொட்டாங்கச்சிகள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. அவன் மெதுவாகத்தான் ஓட்டினான். பக்கத்தில் அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, போகிற ஒவ்வொரு மரத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

பின்னால் பட்டென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தடதடத்து, புல்லில் ஏறி நின்றது.

வலது பின் டயர் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. ஈய முத்திரை மட்டும் பத்திரமாக இருந்தது.

வேலாயுதம் பழக்கத்தில் ஓடிப்போய் ஜாக்கியை எடுத்தான். சாக்கைப் பிரித்து நல்ல டயர் ஒன்றை இறக்கி உருட்டி வந்தான். மணி இரண்டரை இருக்கும். டயரை மாற்றி ஒரே ஓட்டமாக ஓட்டினால் கப்பலைப் பிடித்துவிடலாம். குந்தி உட்கார்ந்து முத்திரைக் கம்பியில் கை வைத்தான். அப்படியே அசையாமல் இருந்தான்.

எழுந்து வண்டியின் முகப்புக்குப் போனான். அங்கே தொங்கிய தகரப் பலகையை, நாலு மாதமாகத் தினமும் பார்த்த பலகையை, புதிதாகப் பார்ப்பவன் போல ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். ‘இலாகாவின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் டயரைக் கழற்றுவது குற்றம்.’ பிறகு சட்டைப் பையிலிருந்து துரையின் சீட்டை எடுத்துப் படித்தான். கப்பல் துறைக்குப் போகும் ஒரு பயணத்துக்கு அனுமதி. இந்த வண்டியில். இந்தப் பயணம் இன்னும் முடியவில்லை. டயரை மாற்றாமல் முடியாது. டயரை மாற்ற உத்தரவு இல்லை.

“சீதா, பெட்டியை எறக்கு.”

“எதுக்குங்க?”

“மேல வச்சு எழுதணும். பென்சில் எங்க?”

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. முந்தானை தலையிலிருந்து நழுவியதைக் கூடக் கவனிக்காமல் பெட்டியை இழுத்து நிழலில் போட்டாள். பாயை விரித்தாள். பென்சிலைத் தேடிக் கொடுத்தாள்.  அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியாத ஒன்று முகத்தில் வந்து வந்து போயிற்று.

“கிழிஞ்சுதுன்னு எழுதவா, வெடிச்சுதுன்னு எழுதவா?”

“மொட்டைன்னே எழுதுங்க,” என்றாள். “அவங்களுக்குப் பழக்கமான வார்த்தை.”

வேலாயுதம் சாவகாசமாக, அழகான கையெழுத்தில் எழுதினான். ‘மேன்மை தங்கிய துரை அவர்களுக்கு. தங்கள் உத்தரவுப்படி கப்பலுக்குப் போகும் வழியில், பத்துத்தீகாவுக்கு அப்பால், மொட்டை டயர் நாலில் ஒன்று தன் காணிக்கையை முழுவதுமாகச் செலுத்திவிட்டது. வேறு டயர் கைவசம் இருந்தும், இலாகாவின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் கழற்றுவது குற்றம் என்பதால் கழற்றவில்லை. உத்தரவு வரும் வரை நானும் என் மனைவியும் வண்டியை விட்டு நகராமல் இங்கேயே காத்திருப்போம்.’

கிள்ளான் பக்கத்திலிருந்து வந்த மாட்டு வண்டிக்காரரை நிறுத்தி, இதைத் தபாலில் சேர்க்க முடியுமா என்று கேட்டான். அவர் கையை நீட்டினார். வேலாயுதம் கடிதத்தைக் கொடுக்கப்போய், திரும்ப வாங்கி, ஒரு சொல் விட்டுப்போயிற்று என்று சொல்லி, பெட்டியின் மேல் வைத்து அடியில் ஒரு வரி சேர்த்தான்.

‘அவசரம் ஒன்றுமில்லை.’